பட்டர் ஓடிய நாலு சுற்று

விளாங்குடிப் பெருமாள் கோயிலில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலரை வரைக்கும் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. சித்திரை வெயிலில் பிராகாரத்துக் கருங்கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். கால் சுடாமல் நடக்க வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு பட்டை அடித்திருந்தார்கள். சுடாது என்பது பேச்சுக்குத்தான். அந்தப் பட்டையின் மேல், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெற்று மார்பில் பூணூல் துள்ள, குடுமி அவிழ்ந்து தொங்க, ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தான். அந்தக் கோயிலின் சின்னப் பட்டர் ஹரிநாராயணன். வயது முப்பத்துமூன்று. பின்னால் நாயும் துரத்தவில்லை, முன்னால் திருடனும் ஓடவில்லை. பட்டாளத்தில் சேருவதற்காக ஓடினான்.

“ஆறு!” என்று நந்தவனத்து நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அவன் அம்மா சாவித்ரி. மடியில் பாதி கட்டின துளசி மாலை, பக்கத்தில் கடிகாரம் ஓடுகிற கைபேசி. “ஆறாச்சு. இன்னும் நாலு. மூச்சை வாயால விடாதே, மூக்கால விடு!”

ஓட்டப் பந்தயத்தை அவள் டீவியில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அதட்டினாள். பெற்றவளுக்கு அதட்டத் தகுதி எதற்கு?

எல்லாம் சோலை மூட்டிய தீ. சோலை அதே விளாங்குடியில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, பட்டாளத்தில் நாயக். தை மாதம் லீவில் வந்தவன், திரும்பிப் போகிற அன்றைக்கு அர்ச்சனைத் தட்டோடு சன்னதியில் நின்றான். கூட்டம் இல்லாத வேளை. ஹரி பிரசாதம் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை விசாரித்தான்.

“எங்க யூனிட்லயும் ஒரு பண்டிட்ஜி இருக்காரு சாமி” என்றான் சோலை. “வடக்கத்தி ஆளு. நாயப் சுபேதார் ரேங்க்கு. அவரு வந்தா நாங்க எந்திரிச்சு வெறப்பா நின்னு ராம் ராம் சொல்லுவோம்.”

“பூஜை பண்றவருக்கா எழுந்து நிக்கறேள்?”

“பின்ன? போன பனியில மேல போஸ்ட்டுல எங்க ஆளு ஒருத்தன் மூச்சுத் தெணறிக் கெடந்தான். ஹெலிகாப்டர் வர முடியல. பண்டிட்ஜி ஏழு மணி நேரம் பனியில நடந்து மேல வந்துட்டாரு சாமி. மருந்தா கொண்டாந்தாரு? அவன் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அம்புட்டுத்தான். பய பொழச்சுக்கிட்டான்.”

கோயிலிலும் மசூதியிலும் சர்ச்சிலும் செய்கிற வேலைக்குப் பட்டாளத்தில் தனியாக ஆள் எடுக்கிறார்கள் என்பதே ஹரிக்கு அன்றைக்குத்தான் தெரியும். பட்டப்படிப்பு வேண்டும், சமயப் படிப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டும் அவனிடம் இருந்தன, பட்டம் தபால் வழியில் படித்து வாங்கியது. பரீட்சை எழுத வேண்டும், எழுதிவிடலாம். ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். இதுதான் இடித்தது. வயது வரம்பு அதைவிட இடித்தது. இந்த வருஷத்தை விட்டால் அவனுக்கு அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அன்று முழுக்க ஹரிக்கு மந்திரம் தடுமாறியது. வேத பாடசாலை முடித்து வந்ததிலிருந்து தீபாராதனைத் தட்டைப் பிடிக்கிறான். ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்வது சுடரை. தட்டைப் பிடித்த கை யாருடையது என்று ஒருத்தரும் பார்த்ததில்லை. அறங்காவலர் கருத்தக்கண்ணன் இருக்கிறாரே, பெரிய இரும்புக் கடைக்காரர், அவர் தன் கார் சாவியையும் செல்போனையும் ஹரியின் கையில் திணித்து, ‘பாத்துக்கங்க பட்டரே’ என்று சொல்லிவிட்டுத்தான் பிராகாரம் சுற்றப் போவார். ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்க வேண்டும். நின்றான், இருபது வருஷமாக. ஏழு மணி நேரம் நடந்து போய் ஒருத்தன் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு நிற்க முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எழுந்து நின்று மரியாதை செய்வார்கள் என்பதும் அவனுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? அவனும் மனுஷன்தானே.

அப்பா பிச்சுமணி பட்டரிடம் சொன்னபோது அவர் மடப்பள்ளி வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கை நின்றது.

“பட்டாளமா? நாலு தலைமுறையா இந்தப் பெருமாளைத் தொட்ட கைடா இது.”

“பெருமாளுக்கு நீங்க இருக்கேள். அவாளுக்கு ஆள் இல்லேன்னு விளம்பரமே போட்டிருக்கா.”

“அங்கே போனா சாவுல நிக்கணும். கர்ப்பக்கிருகத்துல நிக்கறவன் தீட்டுல நிக்கப்படாது. தெரியுமோ இல்லையோ?”

“தெரியும். நிக்கத்தான் போறேன்.”

பிச்சுமணி அதற்கப்புறம் மூன்று நாள் மகனோடு பேசவில்லை. கோபம் பாதி. மீதிப் பாதி, இவன் எங்கே ஓடப்போகிறான் என்ற நிம்மதி. சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் வளர்த்த உடம்பு. தானாகவே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

கணக்குத் தப்பியது. ஹரி முதலில் வைகைக் கரைச் சாலையில் ஓடிப் பார்த்தான். இரண்டு நாய் கூடவே ஓடின. டீக்கடையில் இருந்தவர்கள், ‘சாமி, பிரசாதத்த மறந்துட்டீகளா?’ என்று கூப்பிட்டார்கள். விஷயம் காதுக்கு வந்ததும் பிச்சுமணி மூன்றாம் நாள் மௌனத்தை உடைத்தார்.

“தெருவுல ஓடி மானத்தை வாங்காதே. ஓடறதுன்னா நடை சாத்தினப்புறம் பிராகாரத்துல ஓடு. ஆனா ஒண்ணு. கோயிலுக்குள்ளே ஓடறவன் பிரதட்சிணமாத்தான் ஓடணும். அந்தப் புண்ணியமாவது மிஞ்சட்டும்.”

பிரதட்சிணமில்லாமல் வேறெப்படிச் சுற்றுவது என்று ஹரிக்குத் தெரியவே தெரியாது. பெருமாள் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், மூலைக்கு மூலை வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடமாகச் சுற்றுவது அப்பிரதட்சிணம், பெரிய அபசாரம். அதைப் பட்டர் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கப் பழகும்போதே அது காலில் ஏறிவிடும்.

ஹரி கொத்தனாரிடம் டேப் வாங்கி வந்து பிராகாரத்தை அளந்தான். ஒரு சுற்று நூற்றறுபது மீட்டர். பத்துச் சுற்று ஓடினால் பட்டாளத்துக் கணக்கு சரி. கோயிலுக்குள் செருப்பு ஏது, ஷூ ஏது? வெறுங்கால்தான். முதல் நாள் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று, பாதம் கொப்புளித்தது. சாவித்ரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். மறுநாள் அவளே கைபேசியோடு வந்து நந்தவனத்தில் உட்கார்ந்தாள். வைகாசியில் பத்து நிமிஷம். ஆனியில் எட்டே கால். ஆடி பிறந்தபோது ஏழு நிமிஷம் ஐந்து நொடி. பரீட்சையும் தேறியாயிற்று. ஓட்டத்துக்குத் தேதி வந்தது.

கருத்தக்கண்ணன் சாவியைக் கொடுக்கும்போது கண்ணைச் சிமிட்டினார். “என்ன பட்டரே, துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கணும்னாச்சும் தெரியுமா?”

“தெரியாது. சாவியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு இருபது வருஷமாத் தெரியும். அது போதும்னு அங்கே சொன்னா உங்களைக் கூப்பிடறேன்” என்றான் ஹரி. சாவியை வாங்கவில்லை. கருத்தக்கண்ணன் அன்றைக்குச் சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பிராகாரம் சுற்றினார். குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

மதுரையில் அந்த வருஷம் ஆள்சேர்ப்பு நடந்த மைதானம் பெரிய பொட்டல். நாலு மூலையில் நாலு சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அதைச் சுற்றி வந்தால் நானூறு மீட்டர். நட்ட நடுவில் உயரமான கம்பத்தில் தேசியக் கொடி பறந்தது. ஒரு பக்கம் சாமியானா, அதற்குள் அதிகாரிகள். வேலிக்கு வெளியே, தங்கள் முறைக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கான இளவட்டங்கள் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

சமய ஆசிரியர் வேலைக்குப் பதினாலு பேர். கும்பகோணத்துப் பக்கம் இருந்து பண்டிதர்கள், திண்டுக்கல்லில் இருந்து பாதிரியார் வேலைக்கு ஒருவர், மேலப்பாளையத்தில் இருந்து தாடி வைத்த ஒரு மௌல்வி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஹரி அரைக்கால் சட்டை போட்டது அன்றைக்குத்தான். தொடையில் காற்றுப் பட்டதே கூச்சமாக இருந்தது. பதினாலு பேரையும் சாமியானாவைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்து, நெஞ்சில் ஒட்டிய எண்ணைச் சரிபார்த்தார்கள். ஹரிக்குப் பதினாலாம் எண். வரிசையின் வலது கோடி.

ஹவில்தார் தேனிப் பக்கத்துக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவைதான் சொன்னார்.

“நாலு கொடியச் சுத்தி நாலு ரவுண்டு. கொடிக்கு உள்ள புகுந்தா அவுட்டு. எட்டு நிமிசம் ஆனா இந்தக் கயித்தத் தூக்கிருவோம். கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவரு வீட்டுக்குப் போகலாம். வெளங்குச்சா?”

எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை ஒருத்தருக்குச் சொல்லவேண்டி வரும் என்று அவர் சர்வீஸில் நினைத்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் ஓடிய எந்தப் பிள்ளையும் இடது பக்கமாகத்தான் ஓடும், கேட்காமலே ஓடும். ஹரி பத்து வயதில் வேத பாடசாலைக்குப் போனவன். அங்கே குரு சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தை சொல்லுவார்கள், சுவடி படிப்பார்கள். விளையாட்டுப் பீரியடை எவன் கண்டான்?

விசில் ஊதியது. ஹரி வலது பக்கம் திரும்பிப் பிடித்தான் ஓட்டம்.

முன்னால் ஒருத்தரும் இல்லை. பின்னாலும் காலடிச் சத்தம் இல்லை. ஆகா, எல்லாரையும் ஒரே மூச்சில் விட்டுவிட்டோம் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. வேப்பமரங்கள் ஊளையிட்டன. தன்னைத்தான் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினான். முதல் கொடியைத் தாண்டி வலப்பக்கம் திரும்பும்போதுதான் அந்த ஊளையில் வார்த்தைகள் பிரிந்து கேட்டன.

“சாமீ! ரிவர்ஸு! ரிவர்ஸு போடு சாமீ!”

“ஏய் பதினாலு! எங்கய்யா போற?” ஹவில்தார் விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

ஹரி திரும்பிப் பார்த்தான். மைதானத்தின் அந்தப் பக்கம் பதிமூன்று பேர், எதிர்த்திசையில், ஆட்டு மந்தை மாதிரி ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கால் நின்றது. எழுபது மீட்டர் வந்தாயிற்று. திரும்பப் போய்க் கோட்டைத் தொட்டு ஆரம்பித்தால் இன்னும் எழுபது. அரை நிமிஷத்துக்கு மேல் போச்சு. மரத்தில் இருந்தவர்களில் ஒருத்தன் சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்தே சரிந்தான். உட்கார்ந்துவிடலாம். கால் சுளுக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். அப்பா அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார், இந்த நேரம் மகன் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பான் என்று. அந்த நினைப்பு வந்ததுமே ஹரிக்குக் கோபம் பொங்கியது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கணக்குப் போடுகிறவர் போடட்டும். திரும்பினான்.

கோட்டைத் தாண்டி இடப்பக்கமாக ஓடத் தொடங்கியபோது உடம்பெல்லாம் கூசியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நடுவில் நிற்கிறதை இடது கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிறான். நாக்குத் தானாகவே பெருமாள் நாமத்தை முணுமுணுத்தது. முதல் கொடியில் கால் வலப்பக்கம் இழுக்க, பத்தடி தள்ளிப் போய்த் திரும்பினான். இரண்டாவது கொடியில் வேண்டுமென்றே நெருங்கித் திரும்ப, கொடிக் கம்பு தோளில் அடித்தது. ‘இடது, இடது’ என்று ஒவ்வொரு மூலையிலும் காலுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனால் நேரான இடங்களில் அந்தக் காலைப் பிடிக்க ஆளில்லை. சித்திரை வெயிலில் கருங்கல்லில் வெந்த பாதத்துக்கு அந்தப் பொட்டல் மண் மெத்தையாக இருந்தது. இரண்டாம் சுற்றில் கடைசி ஆளைப் பிடித்தான். மூன்றாம் சுற்றில் இன்னும் மூன்று பேரைத் தாண்டினான். நாலாம் சுற்றில் மரத்தில் சிரிப்புச் சத்தம் நின்று போயிருந்தது. “விடாத சாமி! விடாத!” என்று அதே தொண்டைகள் கத்தின.

கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது இரண்டு சிப்பாய்கள் குனிந்து கயிற்றின் நுனியைப் பிடித்தார்கள். ஹரிக்குக் கண் இருட்டியது. தாவினான். பின்னங்காலைக் கயிறு உரசிக்கொண்டு எழும்பியது.

“ஏழு அம்பத்தெட்டு” என்றார் ஹவில்தார். கடிகாரத்தைத் திரும்ப ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “சாமி, மத்தவுக ஆயிரத்தி அறுநூறு. நீங்க ஆயிரத்தி எழுநூத்தி நாப்பது ஓடிருக்கீக. எதுக்குய்யா அந்தப் பக்கம் போனீக?”

ஹரி மூச்சு வாங்கிக்கொண்டே பிரதட்சிணத்தைச் சொன்னான். ஹவில்தாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் மல்லாந்து கிடந்த மேலப்பாளையத்து மௌல்வி தலையைத் தூக்கினார்.

“ஹஜ்ஜுல நாங்க காபாவ இடது கைப் பக்கம் வச்சுத்தான் சுத்துவோம் சாமி. இபாதத்தே, எங்க வணக்கமே, அப்படித்தான். ஒவ்வொரு இடத்துக்கு ஒரு மொற.” சொல்லிவிட்டுத் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். ஹரி அண்ணாந்து குடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வாயைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. ஜெயித்தவனுக்கு வாய் நிற்குமா? ஆதியோடந்தமாகச் சொன்னான், ரிவர்ஸு உட்பட. சாவித்ரி சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வடித்தாள். பிச்சுமணி சிரிக்கவில்லை.

“நடுவுல என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“கொடி.”

“கொடிக் கம்பத்தை நடுவுல வெச்சு நாலு தடவை அப்பிரதட்சிணம் பண்ணிட்டு வந்திருக்கே.”

“அந்தக் கொடிக்கு அதுதாம்ப்பா பிரதட்சிணம்.”

“எனக்கு வியாக்கியானம் சொல்றியா? உனக்குப் பூணூல் போட்டது நான். நாளைக்குக் காலம்பற ஸ்நானம் பண்ணிட்டு நாலு பிரதட்சிணம் பண்ணி அதைக் கழிச்சுடு. அதுக்கப்புறம்தான் கர்ப்பக்கிருகத்துக்குள்ளே கால் வைக்கலாம்.”

ஹரி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. மகன் தேறிவிட்டானே என்ற பயம். அது புரிந்தும் ஹரி இறங்கி வரவில்லை.

“கழிக்க மாட்டேன்.”

“அப்போ உள்ளே வராதே.”

“வரலை.”

சரி, ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சாவித்ரி நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே மண்ணில் செய்த பானைகள் என்பதை மறந்துவிட்டாள். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, இரண்டு மாதமாயிற்று. ஹரி விடியுமுன் கிணற்றில் நீர் சேந்திக் குடத்தைக் கர்ப்பக்கிருக வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து வைப்பான். உள்ளேயிருந்து பிச்சுமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அந்தக் குடத்தைத் தூக்கிப் போவார். இருவரும் பேச மாட்டார்கள். குடம் மட்டும் கைமாறும். நைவேத்தியமும் அப்படியே, பூவும் அப்படியே.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன வாசப்படியா?” என்று சாவித்ரி ஒரு நாள் கரண்டியைத் தூக்கிப் போட்டாள்.

இதற்கிடையில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது, நேர்காணல் முடிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. காலை நாலரையிலிருந்து இடைவிடாத கூட்டம். மத்தியானம் நடை சாத்தியபோது பிச்சுமணியால் சன்னதிப் படியிறங்க முடியவில்லை. ஹரி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அவர் அந்தக் கையை உடனே விடவில்லை.

“நாலே நாலு சுத்துடா” என்றார். குரலில் அதிகாரம் இல்லை. “இப்போ யாரும் இல்லை. போய்ப் பண்ணிட்டு வா. பண்ணினியான்னுகூட நான் கேக்கலை. சாயங்காலம் எனக்குக் கூடமாட உள்ளே நில்லு. என்னால முடியலை.”

நாலு சுற்று, ஓடினால் மூன்று நிமிஷ வேலை. வெயிலில் வெந்த அந்தப் பட்டை எதிரே கிடந்தது. அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தான். அங்கேயே நின்றான்.

“அப்பா, நீங்க சொன்ன கோத்திரம் சொன்னேன், நீங்க சொன்ன பாடசாலைக்குப் போனேன், நீங்க நின்ன இடத்துல நின்னேன். எதையும் குறை சொல்லலை. ஆனா முப்பத்துமூணு வருஷத்துல நானாப் பண்ணினது அந்த நாலு சுத்துதான். அதையும் கழிச்சுட்டா எங்கிட்ட என்னப்பா மிஞ்சும்?”

பிச்சுமணி கையை விட்டார்.

உத்தரவு கார்த்திகையில் வந்தது. நாயப் சுபேதார், சமய ஆசிரியர். பயிற்சிக்குப் புனே. திருமங்கலத்திலிருந்து பெரியப்பா பிள்ளை ஷ்யாம் வந்து கோயிலில் அப்பாவுக்குத் துணையாக இருப்பதென்று ஏற்பாடாயிற்று. அந்த ஏற்பாட்டைக்கூட சாவித்ரி மூலமாகத்தான் பேசினார்கள். சாயங்காலம் ரயில். அன்று காலை ஹரி குடம் தூக்கி வைத்தான், பூ கொண்டுவந்து வைத்தான். குளித்து வேறு வேட்டி கட்டிக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனான். சீட்டு கொடுக்கிற தமிழ்வாணியிடம் ஒரு அர்ச்சனைச் சீட்டுக் கேட்டான்.

“ஒங்களுக்கா சாமி?” அவள் வாயைப் பிளந்தாள்.

“எனக்குத்தாம்மா. கிழி.”

சீட்டை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் கருத்தக்கண்ணன். வாழ்நாளில் முதல் தடவையாகச் சன்னதியைக் கயிற்றுக்கு வெளியிலிருந்து பார்த்தான். பெருமாள் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தார். வரிசை நகர்ந்தது. அவன் முறை வந்தது. சீட்டை நீட்டினான்.

பிச்சுமணி சீட்டைப் பார்த்தார், நீட்டிய கையைப் பார்த்தார். சீட்டோடு வந்தவனுக்கு அர்ச்சனை இல்லை என்று சொல்ல நாலு தலைமுறையில் எந்தப் பட்டருக்கும் வாய் வந்ததில்லை.

“பேர்?” என்றார், முன்பின் தெரியாதவனிடம் கேட்பது போல.

“ஹரிநாராயணன்.”

“நட்சத்திரம்?”

“திருவோணம்.”

“என்ன பிரார்த்தனை?”

“பட்டாளத்துல சேர்றேன். எடுத்த காரியம் நன்னா நடக்கணும்னு பெருமாள்கிட்டச் சொல்லுங்கோ, பட்டரே.”

பட்டரே என்ற சொல்லில் பெரியவரின் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஹரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். தொழில் ரகசியம் அவனுக்குத் தெரியும். கூட்ட நேரத்தில் பட்டர்கள் வேண்டுதலைச் சொல்லும் சங்கல்ப மந்திரத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். க்ஷேமம் என்று ஆரம்பித்து நேராக ஆரோக்கியத்துக்குத் தாவுவார்கள். நடுவில் வருகிற தைரியமும் வீரியமும் விஜயமும் வீடு கட்டுகிறவனுக்கும் கடை வைத்திருப்பவனுக்கும் எதற்கு என்று அப்பாவே ஒரு காலத்தில் சிரித்திருக்கிறார். அவனும் விழுங்கியிருக்கிறான். இன்றைக்கு அப்பா விழுங்கினால் வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. அவனுக்கும் பெருமாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

உள்ளேயிருந்து குரல் எழுந்தது. கோத்திரத்தைக் கேட்காமலே சொன்னார். பெயரைச் சொன்னார். “க்ஷேம” என்றார். “ஸ்தைர்ய” என்றார். பிறகு நிறுத்தினார். ஹரி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“தைர்ய.” ஒவ்வொரு எழுத்தும் கல்லில் பட்டுத் திரும்பியது. “வீர்ய. விஜய.” அப்படி அவர் உரக்கச் சொல்லி ஹரி கேட்டதே இல்லை. “ஆயுள்” என்று வந்த இடத்தில் குரல் உடைந்தது. நின்று, தொண்டையைச் செருமி, அந்தச் சொல்லை மட்டும் திரும்ப முதலிலிருந்து சொன்னார். வெளியே தூணோரம் நின்றிருந்த சாவித்ரி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தீபாராதனை ஆயிற்று. பிச்சுமணி தட்டோடு படிக்கு வந்தார். ஹரி தீர்த்தம் வாங்கிக்கொண்டான். தலையைக் குனிந்தான். சடாரி தலையில் பட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“அந்த நாலும் உங்கிட்டயே இருக்கட்டும்” என்றார் பிச்சுமணி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “கழிக்க வேண்டாம்.”

ஹரி நிமிர்வதற்குள் அவர் சடாரியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

“அடுத்தது யாரு? சீட்டைக் கொடுங்கோ” என்று கருத்தக்கண்ணனிடம் கையை நீட்டினார்.